யாருக்குப் போட்ட ஊசி

சலவைக்கூடத்தில் அவனுக்கு இன்ஜின் என்று பெயர். ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரி அங்கிகளும் மூட்டை மூட்டையாக வந்து குவிகிற இடம் அது. துவைத்து உலர்த்திய துணி கடைசியாக நீராவி இஸ்திரி மெஷினுக்கு வரும். அந்த மெஷினுக்கு ராஜா, மந்திரி எல்லாம் அவன்தான். காலால் மிதியை அமுக்கினால் மேல் பலகை இறங்கும், ஆவி புஸ்ஸென்று சீறும். ஆவிக்கு முன்னால் அவன் சீறிவிடுவான். துணியில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தால் போதும், கொண்டுவந்தவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். ஆனால் அவன் வேலையில் ஒரு சுருக்கம் காட்ட முடியாது. அதனால் முதலாளியே அவனிடம் அடக்கித்தான் வாசிப்பார்.

மெஷின்காரர்களுக்கு நிற்பதில் ஒரு முறை உண்டு. நாள் முழுக்க ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தால் இடுப்பு கழன்றுவிடும் என்று, அடிவயிற்றுக்குக் கீழே மேசை விளிம்பில் ஒட்டிச் சாய்ந்துகொள்வார்கள். விளிம்பில் துணி மெத்தை தைத்திருக்கும், அதனால் சுடாது. கதகதவென்று இதமாக இருக்கும். இவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் நின்றார், இவனும் அப்படியே நின்றான். சாயாமல் நிற்கிறவன் கற்றுக்குட்டி என்பது அங்கே பேச்சு.

அவனைப் பற்றிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். இது அவன் பெண்டாட்டியைப் பற்றியது. அவளும் அதே இடத்தில்தான் வேலை பார்த்தாள், பின்கட்டில், வந்த மூட்டைகளைப் பிரிக்கிற அறையில். அழுக்கறை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எந்தக் கறை எதனால் வந்தது, எதற்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. ஒருமுறை ஆஸ்பத்திரி அங்கியின் பையில் எவனோ விட்டுவைத்த ஊசி அவள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு என்னென்னவோ ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் பயம். ஊசியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வேலையிடத்தில் அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். வீட்டுக்குப் போனால் அந்த வாய் எங்கே போகும் என்று தெரியாது.

வீட்டில் வாயை மூடவைத்தது பிள்ளையில்லாத குறை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். மாமியார் வாயைத் திறந்தால் அதே பேச்சு. மலடி என்று நேராகச் சொல்ல மாட்டாள், அதைவிட மோசமாகச் சொல்வாள். "நல்ல நிலமா பாத்திருக்கணும், நாங்க அவசரப்பட்டுட்டோம்" என்பாள், இவள் காதில் விழும்படி. நாத்தனார் தன் கைக்குழந்தையை இவளிடம் கொடுக்காமல், இவளைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். இவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறினாள். கருக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்த அன்று உதட்டைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. அவன் வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா கொஞ்சம் கறார். இவளுக்கு எடுத்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரரைப் பரிசோதனை பண்ணாம இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அவன் முறுக்கிக்கொண்டான். இவள் கெஞ்சி, சண்டை போட்ட பிறகு ஒருவழியாகப் பரிசோதனைக்குக் கொடுத்தான். விந்தணு எண்ணிக்கை குறைவு, இருப்பதிலும் பாதிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது என்று முடிவு வந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அவன் பெருமையாகச் சொன்னான். எழுந்து, டாக்டரம்மாவின் மேசையிலேயே சாய்ந்து, எப்படி நிற்பான் என்று காட்டவும் செய்தான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "விரை உடம்புக்கு வெளியே இருக்கறதே அதுக்குச் சூடு ஆகாதுங்கறதாலதான். நீங்க அதைக் கொண்டுபோய் தினமும் அடுப்பு மேல வச்சிருக்கீங்க" என்றார். "மெஷினை விட்டுத் தள்ளி வாங்க. சிகரெட்டையும் விடுங்க. புதுசா உருவாகி வர மூணு மாசத்துக்குக் கிட்ட ஆகும். நாலு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

ஆஸ்பத்திரி வாசலில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் தெருவில் அவள் கையைப் பிடித்தவனில்லை. "இது வெளிய தெரிஞ்சா நான் செத்தேன். யார்கிட்டயும் சொல்லாத. எங்கம்மாகிட்ட சத்தியமா சொல்லாத" என்றான். கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் பிறகு அவள் தன்னையே திட்டித் தீர்த்தாள்.

மெஷினை விடுவதுதான் நடக்கவில்லை. முன்பக்கக் கவுண்டரில் ஆள் வேண்டும் என்று முதலாளி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துணி வாங்குவது, சீட்டுக் கொடுப்பது, வந்தவரை உட்காரச் சொல்வது, அவ்வளவுதான் வேலை.

"கவுண்டர்ல நின்னு பல்லை இளிக்கச் சொல்றியா? என்னை என்ன கையாலாகாதவன்னு நினைச்சியா?" என்று அவன் குதித்தான்.

"நாலு மாசம்தானேங்க."

"நாலு மாசத்துல வேற ஒருத்தன் மெஷின்ல ஏறிடுவான். அப்புறம் அவன் இறங்குவானா?"

பிள்ளை வேண்டும், மெஷினும் வேண்டும், மரியாதையும் குறையக் கூடாது. இப்படிப்பட்டவனுக்காகவே ஊரில் ஒருவன் கடை விரித்து வைத்திருப்பான். அங்கே கூட்டிப்போக ஒரு தரகனும் இருப்பான். தரகனாக வந்து சேர்ந்தது சலவைக்கூடத்து வேன் டிரைவர். அவன் கொஞ்ச நாளாகவே முகத்தில் எண்ணெய் தடவியது போல மின்னிக்கொண்டு திரிந்தான்.

"வெளிநாட்டு மருந்துண்ணே. நரம்புல ஏத்துவாங்க. மூஞ்சிக்கு மூஞ்சி, தெம்புக்குத் தெம்பு. ஆம்பளைங்க சமாச்சாரம் எல்லாத்துக்கும் கேக்குதாம்" என்றான்.

முன்பு செல்போன் கடையாக இருந்த இடத்தில் அந்த கிளினிக் இருந்தது. கண்ணாடிக் கதவு, சாய்வு நாற்காலிகள், சுவரில் சட்டையில்லாத ஒருவன் படம், பக்கத்தில் பாதி முகம் கறுப்பும் பாதி வெளுப்புமாக ஒரு பெண் படம். உள்ளே இருந்தவர் எதற்குப் படித்த டாக்டர் என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. அவர் முகமே அவருடைய விளம்பரம். கூடப் போயிருந்த அழுக்கறை அக்கா அவருக்கு அங்கேயே மினுக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"இது என்ன மருந்துங்க?" என்று கேட்டாள்.

"குளுட்டாதயோன்மா. ஆன்டிஆக்சிடன்ட். நம்ம உடம்புலயே ஊறுற சரக்குதான். குறையுறதை நாம நிரப்புறோம். உள்ளே துரு எடுக்குற மாதிரின்னு வச்சுக்கோங்க."

"இதனால எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்திருக்கு?"

"வந்தவங்க எல்லாரும் திருப்தியா இருக்காங்கம்மா."

"திருப்தியைக் கேக்கல. குழந்தையைக் கேட்டேன்."

மினுக்கு டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவரு நாள் பூரா கொதிக்கிற மேசையில சாஞ்சு நிக்கிறாரு. அதை விடாம இதைப் போட்டா வேலை செய்யுமா?"

"அந்தச் சூட்டையே இது சமாளிச்சிடும்மா. அதுக்குத்தானே ஆன்டிஆக்சிடன்ட்!"

அந்த ஒரு வார்த்தையில் அவன் விழுந்துவிட்டான். முகம் அப்படி மலர்ந்தது. மெஷினையும் விட வேண்டாம், சிகரெட்டையும் விட வேண்டாம், நாற்காலியில் சாய்ந்து படுத்தால் போதும். இதைவிட நல்ல வைத்தியம் எந்தச் சோம்பேறிக்குக் கிடைக்கும்?

அவள் விடவில்லை. டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு நிதானமாகவே சொன்னார். "முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். சின்னச் சின்ன ஆராய்ச்சில சில பேருக்கு அணுவோட ஓட்டம் கொஞ்சம் கூடியிருக்கு. சில பேருக்கு ஒண்ணுமே ஆகல. அதனால குழந்தை கிடைச்சுதான்னு கேட்டா உறுதியா பதில் இல்ல. ரொம்ப ஆசையா இருந்தா ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை ஏதாவது எழுதித் தரேன். ஆனா கண்ட இடத்துல நரம்புல ஏத்திக்காதீங்க. மருந்து எங்க செஞ்சதுன்னு தெரியாது, குத்துறவங்க கை சுத்தமான்னு தெரியாது. எதைப் போட்டாலும் சூட்டுல நின்னா பிரயோஜனமில்ல."

"கேட்டீங்கல்ல?" என்றாள் அவள், வெளியே வந்ததும்.

"கேட்டேன். முழுப் பொய் இல்லன்னுதானே சொன்னாங்க?"

இப்படிக் காது கொண்டவனிடம் என்ன பேசுவது? அவன் ஊசிக்குப் பெயர் கொடுத்துவிட்டான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கிளினிக்கில் படுத்து மருந்து ஏற்றிக்கொள்வான், நேராக வந்து மெஷினில் சாய்ந்துகொள்வான். முழங்கை மடிப்பில் சின்ன பிளாஸ்திரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். மேலே மருந்து, கீழே அடுப்பு. நடுவில் இந்த மனுஷன், உலகத்தையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் விசில் அடித்துக்கொண்டு.

விசில் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒருநாள் அங்கே ஊசி போட வந்த பெண் புதுசு. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறாள். மறுநாள் வலது முழங்கை வீங்கிச் சிவந்துவிட்டது. அதற்கு மறுநாள் காய்ச்சல், கையை நீட்ட முடியவில்லை. மினுக்கு டாக்டருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்து, தையல் போடாமல் புண்ணைத் திறந்தபடியே விட்டு, தினமும் கட்டு மாற்றினார்கள். புண் ஆறி, கைக்குப் பழைய பலம் வரும்வரை மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார்கள். சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் ஆவிக்குழாய் பட்டுவிட்டது என்று சொன்னான். அவளும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டாள்.

ஓட்டல் துணி மலையாகத் தேங்கியது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் நிக்கிறேங்க" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். முதல் வாரம் இரண்டு விரிப்பைக் கருக்கினாள், தன் மணிக்கட்டையும் சுட்டுக்கொண்டாள். அப்புறம் பிடிபட்டது. அவன் அளவுக்கு மடிப்பு விழவில்லை, ஆனால் ஓட்டல்காரர்கள் திருப்பி அனுப்பவும் இல்லை. அவன் வேறு வழியில்லாமல், தூளி கட்டிய கையோடு, கவுண்டரில் போய் நின்றான்.

கவுண்டரில் அவன் செத்துப்போய்விடவில்லை. முதலில் வந்தவர்களிடம் எரிந்து விழுந்தான். பிறகு அதுவும் குறைந்தது. துணி கொடுக்க வந்த பெண்கள் சிகரெட் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவதைப் பார்த்து, வெட்கப்பட்டு, அதையும் விட்டான். டாக்டரம்மா சொன்னபோது விடாதவன். மாதங்கள் ஓடின. கையில் ஒரு தழும்புதான் மிச்சம்.

மறுபடி பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். "ரொம்ப நல்லா தேறியிருக்கு. முயற்சி பண்ண இப்ப நல்ல நேரம். மெஷின் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஒன்பது வருஷம் நெஞ்சில் கிடந்ததை யாரோ எடுத்துவிட்டது போல இருந்தது. பக்கத்தில் அவன் தொடையைத் தட்டினான். "பாத்தியா ஊசியோட வேலைய!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னது?"

"ஊசிதான்! லேட்டா வேலை செஞ்சிருக்கு."

"ஊசியால சீழ்தாங்க வச்சுது. சீழ் வச்சதால மெஷினை விட்டீங்க. மெஷினை விட்டதால தேறிச்சு."

"அப்போ ஊசியாலதானே?" என்றான் அவன், வக்கீல் மாதிரி.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அங்கேயே அறையலாம் என்றும் வந்தது. அவனோ அதோடு நிற்கவில்லை. மினுக்கு டாக்டரிடம் போய் அடுத்த சுற்று ஊசிக்குப் பெயர் கொடுத்தான், இந்த முறை இடது கையில். முதலாளியிடம் போய், அடுத்த வாரத்திலிருந்து மெஷினுக்குத் திரும்புகிறேன் என்றும் சொல்லிவிட்டான்.

அவள் மெஷினை விட்டு இறங்க மறுத்தாள். "முதல்ல குழந்தை தங்கட்டும். நான் முழுகாம இருக்கேன்னு தெரிஞ்ச அன்னைக்கே இறங்கிடறேன். அப்புறம் நீங்க அதுமேல படுத்துத் தூங்கினாலும் கேக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். இஸ்திரி அறையே சிரித்தது. அவன் முகம் கறுத்துப்போய்க் கவுண்டருக்குத் திரும்பினான். அப்போதும் அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் அவனை மெஷினில் ஏற விடமாட்டேன் என்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. புருஷன் வேலையைப் பிடுங்கிக்கொண்டவள் என்ற பெயரும் சேர்ந்ததுதான் மிச்சம்.

லீவு நாளில் மாமியார் வந்தாள். வரும்போதே முகம் எல்லாம் பல். மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவினாள். இந்த ஒன்பது வருஷத்தில் அந்தக் கை அவள் மேல் பட்டதே இல்லை.

"ஊசி போட்டு உனக்கு எல்லாம் சரியாயிடுச்சாமே. எத்தனை குத்து குத்தினாங்களோ, பாவம்" என்றாள். "என் பிள்ளை உனக்காக எங்கெங்க அலைஞ்சிருக்கான் பாரு. வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ வேற கல்யாணம் பண்ணியிருப்பான்."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் டிவியில் ஓடிய சோப்பு விளம்பரத்தை இதற்கு முன் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். ரகசியத்தை மூடிவைக்கச் சொன்னான், மூடினாள். ஆவிக்குழாய் பட்டுவிட்டது என்றான், ஆமாம் போட்டாள். இப்போது அவனுக்குப் போட்ட ஊசியையும் இவள் உடம்பில் ஏற்றிவிட்டான். அதுவும் பெருமையாக, தியாகி மாதிரி.

மாமியார் பஸ் ஏறும்வரை பொறுத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து டிவியை அணைத்தாள்.

"உங்கம்மாவுக்குப் போன் போடுங்க. ஊசி யாருக்குப் போட்டதுன்னு சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சாச்சுல்ல?"

"நீங்களே உங்க வாயால சொல்லணும். சொன்னா இந்த வீட்டுல இருப்பேன். இல்லன்னா இப்பவே கிளம்பறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. போனை எடுத்தான். அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே மாமியார் குரல் கேட்டது. அவன் இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு சொல்லிவிட்டான்.

"அம்மா, ஊசி அவளுக்கு இல்ல. எனக்கு. அவளுக்கு ஒரு குறையும் இல்ல. ஆரம்பத்துலேருந்தே குறை எனக்குத்தான்."

ஒரு நிமிஷம் அவள் அவனை மன்னித்தேவிட்டாள். மாமியார் என்ன சொல்வாள், அழுவாளா, ஒரு வார்த்தை மன்னிப்பாவது வருமா என்று காத்திருந்தாள்.

"சரி சரி, என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும்" என்றாள் மாமியார், குரலைத் தாழ்த்தி. "வேற யார்கிட்டயும் உளறி வைக்காதே. ஆம்பளைக்குக் கேவலம். அவ பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்டா. அவளுக்கென்ன, கேட்டுக் கேட்டு மரத்துப்போச்சு."

"சரிம்மா" என்றான் அவன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. "வாய் தவறி வந்துடுச்சு" என்றான் அவசரமாக. "நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன்ல?"

"சொல்லிட்டீங்க" என்றாள் அவள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தவில்லை. "டாக்டரம்மா இப்ப நல்ல நேரம்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா" என்றான். தப்பித்துவிட்டோம் என்று அவன் முகம் தெளிந்தது.

"உங்களுக்கு எல்லாம் தேறிடுச்சு. எனக்குத்தான் உங்களுக்குப் பிள்ளை பெத்துத் தர்ற ஆசை போயிடுச்சு. நாளையிலேருந்து மெஷின்ல நீங்களே நில்லுங்க. நல்லா சாஞ்சே நில்லுங்க."